ஜி-க்குக் கொஞ்சம் மேலே

ஜூன் 3, செவ்வாய்

மாடி வீட்டு எமிலி டீச்சரின் வால்வு ஆம்ப்ளிஃபயரில் வரும் இரைச்சலை நீக்கும் பொருட்டு, தொடங்குமுன் வகுத்துக்கொண்டவை:

1. இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.
2. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.
3. இரைச்சல் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை என் காது தீர்மானிக்கக் கூடாது. டீச்சரின் காதுதான் தீர்மானிக்க வேண்டும். என் காது நம்பத்தக்கதல்ல.
4. மின்சாரம் ஓடும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.
5. சரியானதும் செல்வினுக்குத் தெரிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

செல்வின் டீச்சரின் மகன், சென்னையில் இருக்கிறார். நேற்று போனில், "தாணு அங்கிள், நீங்க ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ஹெட்டா இருந்தவங்க. அப்பா செஞ்ச ஆம்ப்ளிஃபயர நீங்கதான் சரி பண்ணித் தரணும்" என்றார். வகுப்பறையில் வால்வு பற்றி நான் நடத்தியது ஒரு பாடம், அதுவும் கரும்பலகையில். இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். "சரி" என்றுதான் வாயில் வந்தது.

மூன்றாவதற்கு விளக்கம் வேண்டும். போன டிசம்பரில் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். நான் நேர் கீழ்வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. டீச்சரோ பாளையங்கோட்டையில் இளவயதிலிருந்தே கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். பாடகர் குழுவில் யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கண்டிப்பார் என்று கேள்வி.

ஜூன் 4, புதன்

கருவியைப் பார்த்தேன். அலுமினியத் தட்டின்மேல் ஐந்து வால்வுகள், இரண்டு கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள். டீச்சரின் மறைந்த கணவர் ஆசீர் டெலிபோனில் வேலை பார்த்தவர், ஓய்வு நேரத்தில் தானே செய்தது. வால்வு என்பது பல்பு போல ஒளிரும் கண்ணாடிக் குழல்; டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோ முதல் எல்லாம் அதில்தான் ஓடின. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். ஒருவர், "இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்குங்கம்மா" என்றாராம். இதைச் சொல்லும்போது டீச்சர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் குனிந்து உள்ளே பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"என்ன சார், ஒரு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த டி.இ.ஓ. மாதிரில்லா நிக்கீங்க."

"உள்ள முந்நூறு வோல்ட் இருக்கு டீச்சர். ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியாப் போயிரும். ஒரு கைன்னா நெஞ்சு தப்பிக்க வழி இருக்கு."

"அப்ப காபி குடிக்க ஒரு கை மிஞ்சும். நல்ல ஏற்பாடுதான்."

ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கரிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்த கீபோர்டில் இடப்பக்கம் ஒரு கட்டையை அழுத்தினார்.

"இது ஜி. ஒங்க சத்தம் இதுக்குக் கொஞ்சம் மேல நிக்கி."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அந்த ஜி வினாடிக்குத் தொண்ணூற்றெட்டு அதிர்வு. கரண்டை நேர்மின்சாரமாக மாற்றும் பகுதியில் பழுது இருந்தால் வரும் இரைச்சல் நூறு அதிர்வு. ஜி-க்குக் கொஞ்சம் மேல். ஆய்வகத்தில் அதிர்வெண்மானி செய்கிற வேலையை அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டார்.

மூன்றாவது குறிப்பு எத்தனை சரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

முதல் வால்வைக் கழற்றிவிட்டுக் கேட்டோம். இரைச்சல் மாறவில்லை. ஆகவே பழுது பவர் சப்ளையில்தான். அங்கே மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர் வயிறு உப்பியிருக்கிறது. இதை முதல் பார்வையிலேயே கண்டேன். ஆனால் முதல் குறிப்பை மீற விரும்பவில்லை.

டீச்சர் அச்சுமுறுக்கு கொடுத்தார்.

ஜூன் 9, திங்கள்

ஜங்ஷன் கடையில் புது கண்டென்சர் வாங்கிப் பற்றவைத்தேன். பற்று கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

"பாதிக்கு மேல போயிட்டு சார்!" என்றார் டீச்சர். "இப்ப மிச்சம் இருக்கது அதே ஜி-தான், ஒரு ஸ்தாயி கீழ."

ஒரு ஸ்தாயி கீழ் என்றால் ஐம்பது அதிர்வு. அப்படியென்றால் வால்வுகளைச் சூடாக்கும் இழைக்குப் போகிற ஒயர்கள்தான் காரணம். ஆசீர் அவற்றை முறுக்காமல் நேராக இழுத்து விட்டிருக்கிறார். என்னையறியாமல் இரண்டு கைகளையும் தட்டிவிட்டேன். கருவியை அணைத்திருந்தேன், ஆகவே தவறில்லை.

"அப்ப சரியாயிருமா சார்?"

"நிச்சயமா ஆயிரும் டீச்சர். அந்த ஒயர முறுக்கி ஓரமாத் தள்ளி வச்சா முடிஞ்சுது."

"ம்" என்றார்.

இன்று காபியில் சர்க்கரை இல்லை. மறந்திருக்கக்கூடும்.

ஜூன் 12, வியாழன்

ஒயர்களைக் கழற்றி, முறுக்கி, தட்டின் மூலையோடு ஒட்டி ஓடவிட்டேன். நாள் முழுதும் ஆயிற்று. ஸ்விட்சைப் போட்டதும் வால்வுகள் சிவந்தன. ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. காதை அதன் முகத்தில் ஒட்டவைத்துப் பார்த்தேன். தெருவில் போன ஆட்டோதான் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்றேன்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். அப்போது அவர் போன் அடித்தது. செல்வின். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது டீச்சரின் பழக்கம்.

"என்னம்மா, செட்டு ரெடியாயிட்டா? டிக்கெட் போட்டுரட்டா?"

டீச்சர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்.

"இல்லலே. இன்னும் சத்தம் இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னிடமும் சொன்னார்: "இருக்கு சார். லேசா. ஜி-க்குக் கொஞ்சம் மேல."

என் காதின் நிலை நான் நினைத்ததைவிட மோசம் என்று தெரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

டீச்சர் கோயிலுக்குப் போயிருந்தார். சாவியைக் கொடுத்திருந்ததால் தனியாகப் போய் மீட்டரால் அளந்தேன். ஸ்பீக்கர் முனைகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மீட்டரின் பாட்டரி பழையது. மாற்றினேன். அதே அளவு.

ஜூன் 17, செவ்வாய்

கல்லூரிக்குப் போய் என் பழைய மாணவரிடம் வேறு மீட்டர் இரவல் வாங்கிவந்தேன். அதுவும் அதையே காட்டுகிறது. இரண்டு மீட்டர்களும் ஒரே பிழையைச் செய்வது அரிது, இயலாதது அல்ல.

டீச்சரிடம் சொன்னேன்.

"மீட்டருக்குக் காது உண்டா சார்?" என்றார்.

இரவல் மீட்டரைத் துடைத்து உறையில் போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

முதல் வால்வின் அடியில் ஒரு மின்தடையை மாற்றினேன். "இருக்கு" என்றார். முந்திரிக்கொத்து வைத்தார். நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"சார், நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கீங்க? வெனய இழுத்து விட்டது நான்லா. கீழ விழுந்ததுலேர்ந்து, 'வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு'ன்னு செல்வின் தெனமும் நிக்கான். ஒரு நா பதில் சொல்ல வழியில்லாம, 'அப்பா செஞ்ச செட்ட இப்படி இரைய விட்டுட்டு வரமாட்டேன், அது சரியாகட்டும் வாறேன்'னு சொல்லிட்டேன். ரெண்டு மெக்கானிக்கு கைய விரிச்ச தைரியம். அவன் போயி ஒங்களப் பிடிப்பான்னு நான் கண்டேனா?"

"சென்னை நல்லாத்தான் இருக்கும் டீச்சர்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கும். எனக்குன்னு ஒரு ரூம் போட்டு வச்சிருக்கான். ஏ.சி. இருக்கு, டி.வி. இருக்கு. ஞாயித்துக்கெழமயானா நான் பெஞ்சில உக்காந்து வேற ஆளு வாசிக்கதக் கேக்கணும். அதுவும் தப்புத்தப்பா."

"புரியுது."

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க சார். நெதானமாப் பாருங்க."

அவர் சென்னை செல்வது அவர்கள் குடும்ப விஷயம். என் பொறுப்பு இரைச்சல் மட்டும். நான் எந்த விதத்திலும் வேலையைத் தாமதப்படுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டாவது குறிப்பின்படி ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான் செய்கிறேன். "ஒரு நேரம்" என்பதை ஒரு நாள் என்று கொண்டால் பிழை வர வாய்ப்புக் குறைவு.

ஜூன் 20, வெள்ளி

ஒரு ஒயரை மாற்றினேன். இருக்கு.

ஜூன் 21, சனி

மாற்றிய ஒயரை மறுபடி பழையபடி வைத்தேன். இருக்கு. மீன் குழம்பு வைத்ததாகவும், நான் சைவம் என்பது நினைவுக்கு வந்து எனக்கென்று தனியாகப் புளிக்கறி வைத்ததாகவும் சொன்னார்.

ஜூன் 23, திங்கள்

ஒரு நட்டை இறுக்கினேன்.

"ஏன் சார் நீங்க கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேட்டார் டீச்சர், காத்திருக்கும்போது.

"ஒரு எடம் பாத்தாங்க டீச்சர். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருந்தேன்."

"பெறவு?"

"யோசிச்சு முடிக்கும்போது அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது புள்ள பொறந்துட்டு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். ஆனாலும் அவர் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

இரைச்சலைக் கேட்க இருவருமே மறந்துவிட்டோம். நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

காது பரிசோதனைக்குப் போனேன். இந்த நிச்சயமின்மையோடு மேலும் வேலை செய்வது முறையல்ல. கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துக் காதில் பலவித ஓசைகளைக் கொடுத்தார்கள். பரிசோதித்தது ஓர் இளம்பெண்.

"ஐயா, கீச்சுச் சத்தம், தூரத்துலேர்ந்து கூப்பிடுத குரல், இதெல்லாம் ஒங்களுக்குக் கொறச்சலாத்தான் கேக்கும். ஆனா கட்டச் சத்தம் எல்லாம் ரொம்ப நல்லாருக்கு. சின்னப் பையன் காது மாதிரி."

"ஐம்பது அதிர்வு, நூறு அதிர்வு மாதிரியான ஓசைகள்?"

"லேசா உறுமினாக்கூடக் கேக்கும் ஐயா."

அந்தப் பெண் மிகவும் இளையவர். கருவியை அண்மையில் அளவு சரிபார்த்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீச்சரிடம் இதைச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் அல்ல.

ஜூன் 28, சனி

டீச்சரின் குளியலறையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு ஸ்விட்ச் பொருத்தினேன். விழுந்து கிடந்தாலும் கை எட்டும். பாட்டரியில் ஓடுவது, ஈரம் பட்டாலும் பயமில்லை. ஒயர் ஜன்னல் வழியாகக் கீழே என் ஹாலுக்கு வருகிறது. கிணுகிணுவென்று அடிக்கும் மணி எனக்குக் கேட்காது என்பதால் கட்டைக் குரலில் உறுமும் பஸ்ஸர் ஒன்றைத் தேடி வாங்கினேன்.

டீச்சர் மேலிருந்து அழுத்தினார். நான் கட்டிலில் படுத்து, தலையணையைக் காதின்மேல் வைத்துக்கொண்டு கேட்டேன். நன்றாகக் கேட்டது. விசிறியை வேகமாக வைத்துக் கேட்டேன். டி.வி.யைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றாகத்தான்.

இதற்கும் ஆம்ப்ளிஃபயர் வேலைக்கும் தொடர்பில்லை. எனினும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 2, புதன்

செல்வின் சனிக்கிழமை நேரில் வருகிறாராம். "இதுக்கு மேல போன்ல பேசிப் பிரயோசனமில்ல, நானே வந்து கேக்கேன்" என்றாராம். டீச்சர் இதைச் சொல்லும்போது அச்சுமுறுக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"அவன் பொல்லாதவன் இல்ல சார். பயந்துட்டான், அவ்வளவுதான். அவன் வந்து ஒங்ககிட்ட நேராக் கேட்டான்னா..."

முறுக்குத் துண்டுகளைத் தட்டின் ஓரமாகக் கூட்டித் தள்ளினார்.

இன்று எதையும் மாற்றவில்லை.

ஜூலை 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செல்வின் காலையில் இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்தார். ஒன்று ஆம்ப்ளிஃபயருக்கு, உள்ளே பஞ்சு மெத்தை வைத்தது. மற்றது அம்மாவின் சாமானுக்கு. என்னையும் மேலே அழைத்தார். அவரே ஸ்விட்சைப் போட்டார். மூவரும் நின்றோம்.

"எங்கம்மா சத்தம்?"

"வரும், இரு."

செல்வின் தரையில் மண்டியிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். எழுந்து மறுபக்கம் போய் மறு காதை ஒட்டினார்.

"ஒண்ணுமே கேக்கலம்மா. செத்த மாதிரி கெடக்கு."

"ஒனக்கு எங்கன கேக்கும்? நாள்பூரா காதுல அந்த ஒயர மாட்டிக்கிட்டுத் திரியுத."

"சரி, எனக்குக் கேக்கல. ஒனக்கு வேணும்னா கேக்கட்டும்." செல்வின் என் பக்கம் திரும்பினார். "தாணு அங்கிள், நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். சத்தம் இருக்கா, இல்லியா?"

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அவர் கை நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தது.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்கு தம்பி" என்றேன்.

"இருக்கா?"

"ஜி-க்குக் கொஞ்சம் மேல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. செல்வின் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப அங்கிள் சரியாகும்?"

"சொல்ல முடியாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டச் சேத்து மாத்தினா எது பலிச்சதுன்னு தெரியாமப் போயிரும்."

"அதுவர இவங்க ஒத்தைக்கு இருக்கணும். மறுபடி விழுந்தா? போன தடவ நீங்க கீழதான் இருந்தீங்க அங்கிள். ஒங்களுக்குக் கேக்கலியே."

அதில் குத்தல் இல்லை. உண்மை மட்டும்தான் இருந்தது. நான் அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போய் ஸ்விட்சைக் காட்டினேன். ஈரத்தரையில் அப்படியே படுத்து, கையை நீட்டி அழுத்தினார். கீழே என் வீட்டில் பஸ்ஸர் உறுமியது மேலே வரை கேட்டது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அம்மா இங்கே எப்படிக் கிடந்திருப்பார் என்று பார்க்கிறார் என எனக்குத் தோன்றியது. எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"இது ஒங்களுக்குக் கேக்குமா அங்கிள்?"

"இது கேக்கும். டெஸ்ட் பண்ணிட்டேன். தலையணைய வச்சுகூட."

சாப்பிட்டுவிட்டு இரண்டு காலிப் பெட்டிகளையும் மறுபடி காரில் ஏற்றினார்.

"கிறிஸ்மஸ்க்கு வருவேன். அதுக்குள்ள முடிச்சு வைங்க அங்கிள்."

"சார அவசரப்படுத்தாதலே" என்றார் டீச்சர். "கரண்டு வேல."

ஜூலை 6, ஞாயிறு

உடல் அசதி. வெளியே செல்லவில்லை. ஹிந்துவாகப் பிறந்தாலும், கோயிலில் இன்று ஆர்கன் நன்றாக இருந்ததா என்று பால்காரம்மாவிடம் விசாரித்தேன். "டீச்சர் இன்னைக்குப் போட்டுத் தாக்கிட்டாங்க" என்றார்.

ஜூலை 7, திங்கள்

மேலே போனேன். டீச்சர் கதவைத் திறந்துவிட்டு, வழக்கம்போல் அடுக்களைக்குப் போகாமல் எதிரிலேயே நின்றார்.

"சார், ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்ச நாளாவே சொல்லணும்னு..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். நான் பொதுவாக யார் பேச்சிலும் குறுக்கிடுவதில்லை. வால்வுகள் சிவக்கும்வரை இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் கண்ணை மூடவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "இன்னைக்கு நீங்க சொல்லுங்க சார். எப்படி இருக்கு?"

இதுவரை அவர் என்னைக் கேட்டதில்லை. ஸ்பீக்கரின் அருகே போய்க் குனிந்து, எனக்குத் தெரிந்த எல்லாக் கவனத்தோடும் கேட்டேன்.

"இருக்கு டீச்சர்."

"ஜி-க்கு மேலயா?"

"கொஞ்சம் மேல."

"எனக்கும் அங்கனதான் கேக்கு" என்றார். "நாளைக்கு எத மாத்துவீங்க?"

"யோசிக்கணும்."

"மெதுவா யோசிங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். சர்க்கரை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் நாள் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவது குறிப்பு தவறு. இந்த இரைச்சலைப் பொறுத்தவரை என் காது டீச்சரின் காதுக்குச் சற்றும் குறைந்ததல்ல.